தேயாத கைத்தடி

கதவைச் சற்றுச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள், அம்மா. முழுவதும் மூட வேண்டாம். மூடினால் அவளுக்குச் சந்தேகம் வரும். அடுக்களையில் பாத்திரம் துலக்கும் ஓசை கேட்கிறதல்லவா? அது கேட்கும்வரை நாம் பேசலாம்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அளவுநாடாவை வைத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தீர்கள். காலுக்குப் பயிற்சி கொடுக்க நீங்கள் வரத் தொடங்கியபோது இடத்தொடை மெலிந்திருந்தது. இன்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. பிறகு என் கைத்தடியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தீர்கள். அடியில் உள்ள ரப்பர், வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. "மேடம், ஆள் இல்லாதப்ப தடி இல்லாம நடக்குறீங்களா?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

நடக்கிறேன். பன்னிரண்டு நாளாக நடக்கிறேன். மாலையில் அவள் புறப்பட்டுப் போனதும் வாசலைத் தாழிட்டுவிட்டுக் கூடத்தில் நடக்கிறேன். நேற்று மாடிப்படியும் ஏறி இறங்கினேன்.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பேச வராது. முப்பதாண்டுகளாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. கிழக்கெல்லை இது, மேற்கெல்லை இது என்று ஒழுங்காகச் சொல்லியே பழகிவிட்டேன். நான் வாயைத் திறந்தால் "பத்திரம் பேசுது பாரு" என்று அங்கே கேலி செய்வார்கள். செய்யட்டும். நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அதுதான் இந்தக் கதையின் தொடக்கமே.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. எங்கள் சார்பதிவாளர் என்னைவிட இருபது வயது இளையவர். கணினியில் ஒரு பெயரைத் திருத்த நான் கை வைத்தேன். உடனே அவர், "கனகவல்லி மேடம், அதைத் தொடாதீங்க, அதுக்கும் வயசாயிடப் போவுது" என்றார். பத்திரம் பதிய வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் சிரித்ததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அலுவலகத்தில் பேசாததையெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியில் பேசுவது என் வழக்கம். பதினான்கு கிலோமீட்டர். தலைக்கவசத்துக்குள் ஒருத்தி பேசிக்கொண்டு போவது யாருக்குத் தெரியப்போகிறது? அன்று பேச நிறைய இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டும்போது மெதுவாகத் தொடங்கினேன். ஏரிக்கரை வந்தபோது குரல் உயர்ந்துவிட்டது.

வேடியப்பன் கொட்டாய் தெரியுமல்லவா? நீங்கள் பேருந்தில் வரும் வழிதான். பெரிய பாறை ஒன்று இருக்கும். அதை ஒட்டிச் சாலை வளையும். தை, மாசியில் அந்தக் குடியிருப்புக்காரர்கள் கொள்ளுச்செடியைப் பிடுங்கிவந்து தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி நசுக்கும், காய் வெடிக்கும், மாலையில் வாரிக்கொண்டுபோய்த் தூற்றுவார்கள். களத்துக்குக் களமும் ஆயிற்று, அடிப்பதற்கு ஆளும் ஆயிற்று. நம் பக்கத்தில் எல்லாச் சாலைகளிலும் உள்ளதுதான்.

அன்றும் அங்கே கொள்ளு பரப்பியிருந்தது. அது உண்மை. நான் அதன்மேல் கிடந்ததும் உண்மை. இடையில் உள்ளதுதான் ஒருவருக்கும் தெரியாது. கொள்ளுக்கு இருபதடி இப்பாலேயே, "ஐயா, உங்கள் வயதுதான் என் அனுபவம்" என்று சொல்லி, வலக்கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலை நீட்டினேன். எதிரில் யார் இருந்தார்? ஒருவரும் இல்லை. ஒரு பனைமரம் இருந்தது. வண்டி தார் விளிம்பிலிருந்து சரளையில் இறங்கியது, சாய்ந்தது, என்னையும் இழுத்துக்கொண்டுபோய்க் கொள்ளின்மேல் போட்டது.

நீங்கள் சிரிக்கவில்லை. நன்றி. சிரிப்பை அடக்குகிறீர்கள் என்பதும் தெரிகிறது.

பாறை நிழலில் இருந்த ஒரு பெண், "ஐயோ, எங் கொள்ளு ஆளைத் தள்ளிப்புடுச்சே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை. என் தலைக்கவசத்தைக் கழற்றினாள். தலைமுடியில் சிக்கிய கொள்ளுக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். "கொள்ளு வழுக்கிடுச்சாம்மா?" என்று கேட்டாள். எனக்குக் கணுக்காலில் உயிர் போகிற வலி. கண்ணை மூடிக்கொண்டேன். வலியில் கண்ணை மூடுவது பொய்யாகுமா? ஆகாது. நான் பொய் சொல்லவில்லை.

எலும்பில் விரிசல்தான், முறிவு இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓசூரிலிருந்து என் தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஒரு பெண் துணிப்பையோடு நிற்கிறாள்.

"யாரம்மா?"

"மாதம்மாங்க. அன்னைக்கு ஓடியாந்து தூக்கினவ. எங்க கொள்ளுலதான் விழுந்தீங்க."

"சரி, அதற்கு இப்போது என்ன?"

"என்னான்னு கேக்கறீங்களே! எந்திரிச்சு நடக்கற வரைக்கும் நாங்கதான பாக்கணும்? வூட்ல வேற ஆரு கீறாங்க?"

"ஒருவரும் இல்லை. எனக்கு ஆள் தேவையும் இல்லை."

"கக்கூசுக்கு எப்படிப் போவீங்க? தவ்வித் தவ்வியா?"

அம்மா, என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். சம்பளம் பேசப்போனேன், காதைப் பொத்திக்கொண்டாள். "பாவத்துக்கு யாராச்சும் கூலி வாங்குவாங்களா?" என்றாள். அவள் கணவன் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய்விட்டான். காலையில் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வருவாள். பொழுது சாயும்முன் திரும்பிப் போவாள்.

நான் அவளை நன்றாகத்தான் நடத்தினேன். அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நல்ல புடவை கொடுத்தேன். அவளுக்கென்று ஒரு தம்ளர் ஒதுக்கி வைத்தேன். சுத்தத்துக்காக, வேறெதற்காகவும் அன்று. பாத்திரத்தை எந்த வரிசையில் கழுவ வேண்டும், துணியை எப்படி மடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். "ஆபீசரம்மா, உங்க வூட்ல கரண்டிகூட அட்டென்சன்ல நிக்குதே" என்பாள்.

முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஐந்தாம் நாள் என்று நினைவு. அவள் ஒரு கிண்ணத்தில் கொள்ளு ரசம் கொண்டுவந்தாள். "இந்தக் கொள்ளுதான உங்களைக் கீழ தள்ளுச்சு. இதுவே தூக்கி நிறுத்தட்டும். குடிங்க, குதிரையாட்டம் ஓடுவீங்க" என்றாள். பூண்டு தட்டிப்போட்ட ரசம். வாயருகே கொண்டுபோன கிண்ணத்தை வைத்துக்கொண்டு, கொள்ளின்மேல் குற்றமில்லை என்று எப்படிச் சொல்வது? குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று குடித்தேன். குடித்த பிறகு, நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் சார்பதிவாளர் என்னைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிவந்தார். அன்று என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவே இல்லை. "உங்களை மாதிரி நிதானமான ஆளே விழுந்துட்டீங்கன்னா, தப்பு ரோட்டு மேலதான் மேடம்" என்றார். நிதானமான ஆள்! சாலையில் தானியம் பரப்புவதைத் தடுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனுவைத் தட்டச்சுச் செய்தே எடுத்துவந்திருந்தார். "மேற்படி கொள்ளில் சறுக்கி விழுந்து" என்று ஒரு வரி அதில் இருந்தது. நான் எழுதிய வரி அன்று. என் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டிருந்தார்.

கையெழுத்திட்டேன்.

முப்பதாண்டுகளாகப் பிறரைப் பார்த்து, "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், போட்டால் போட்டதுதான்" என்று சொன்னவள் நான். படித்துப் பார்த்தேன். போட்டேன். அப்போது மாதம்மாள் அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஐயா, எங்கம்மாவைச் சீக்கிரம் ஆபீசுக்குக் கூப்பிட்டுக்காதீங்க, உடம்பு தேறட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே, நான் பொய் சொல்லவில்லை என்று சற்றுமுன் சொன்னதை நீங்கள் அடித்துவிடலாம்.

மனுவுக்குப் பலன் உடனே கிடைத்தது. நல்ல மனுக்கள் ஆறு மாதம் கிடக்கும். இது பத்தே நாளில். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கொட்டாய் கொட்டாயாகப் போயிற்று: சாலையில் இனி எதையும் பரப்பக்கூடாது, பரப்பினால் தானியத்தை எடுத்துச் சென்றுவிடுவார்கள். அறுவடை பாதி முடிந்த நேரம். எல்லாரும் பாறைமேல் போட்டுத் தடியால் அடித்தார்கள். யாரைத் திட்டுவார்கள்? என்னையா? மாதம்மாளைத்தான். "ஒரு ஆபீசரைத் தள்ளிவிட்டு ஊர் சோத்துல மண்ணைப் போட்டுட்டா" என்று தண்ணீர்க்குழாயடியில் சொல்கிறார்களாம். அவள் குடத்தை வைத்தால் நகர்த்தி வைக்கிறார்களாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது முறையிடுவதற்காக அன்று. என் தலையை வாரிவிட்டுக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோல் சிரித்துக்கொண்டே சொன்னாள். உள்ளங்கையில் தடி பிடித்த கொப்புளம். அந்தக் கையால்தான் எனக்குச் சிக்கெடுத்தாள்.

தலை வாரிவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள். காலில்தானே அடி, கையில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நீங்கள் வரத் தொடங்கினீர்கள். மடக்குங்கள், நீட்டுங்கள், பத்து எண்ணுங்கள் என்றீர்கள். உங்களுக்குத் தெரியும், நான் ஒரு வேலையைப் பாதியில் விடமாட்டேன். நீங்கள் பத்து முறை சொன்னால் இருபது முறை செய்தேன். பங்குனி முடியும்முன் கால் என் சொல்லைக் கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு மாலை, தடி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, தொலைபேசி ஒலித்தது, எழுந்து நடந்துபோய் எடுத்துப் பேசிவிட்டு, வைத்த பிறகுதான் நடந்தேன் என்பதே தெரிந்தது. மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவள் வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து தடிக்குக் கை நீட்டினேன். அவள் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தாள். அவ்வளவுதான். முதல் நாள் அவ்வளவுதான் நடந்தது. தனிமையாக இருக்கிறது என்பதற்காகச் செய்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். தனிமை எனக்குப் பழக்கம். எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கணைப்பு. ஒருவரும் இல்லாவிட்டால் ஒழுங்கு கெடுவதில்லை. இப்போது அவள் போன பிறகு அந்த ஒன்பது மணி வருவதற்குத்தான் ஏனோ நேரமாகிறது. அது வேறு.

இப்போது சொல்லப்போவதுதான் உங்களிடம் சொல்ல வேண்டியது.

ஆறு நாளைக்கு முன், நடுப்பகலில் அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் தரையில் அவள் கால்தடம் விழுந்தது. தடத்தில் சிவப்பு. "கண்ணாடி எதையாவது மிதித்தாயா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"காலைக் காட்டு."

"ஐய, காலைப் போய்க் காட்டுவாங்களா?"

மிரட்டித்தான் காட்ட வைத்தேன். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். சில உடைந்து, தோல் உரிந்து. "உனக்குச் செருப்பு இல்லையா?" என்றேன். இருக்கிறதாம். வீட்டில் கழற்றி வைத்திருக்கிறாளாம்.

"நீங்க கோலு இல்லாம வாசப்படி தாண்டற வரைக்கும் செருப்பு தொடறதில்லைன்னு எங்க சாமி வேடியப்பங்கிட்டச் சொல்லிட்டேங்க."

"எப்போது சொன்னாய்?"

"நீங்க விழுந்த அன்னைக்கே. அப்ப மாசி வரப்போற காலம், ரோடு சூடில்லை. சித்திரை வரைக்கும் இழுக்கும்னு எனக்கு என்னா தெரியும்? வேடியப்பனுக்கும் தெரிஞ்சிருக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

தார்ச்சாலை, அம்மா. சித்திரை வெயில். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர். நான் அப்போது நடக்கத் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த இடத்திலேயே எழுந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. என் செருப்பை எடுத்துப் போட்டுக்கொள் என்றேன். "சாமி கண்ணைக் கட்டச் சொல்றீங்களா?" என்றாள். வெயில் ஏறும்முன் வந்துவிடு, வெயில் தணிந்தபின் போ என்றேன். காலுக்குத் தேங்காயெண்ணெய் கொடுத்தேன். எல்லா ஏற்பாடும் செய்தேன். ஒன்றைத் தவிர.

அதன் பிறகும் ஆறு நாள். ஆறு காலை, ஆறு மாலை. அவள் வருகிற ஓசை கேட்கும். உடனே நான் தடியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

நேற்று அவள் தன் கணவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்து கறி தின்றுவிட்டுப் போனவன், கூரை மாற்றக் கூப்பிட்டால் தொலைபேசியை எடுப்பதில்லையாம். "கொள்ளுன்னா வாயைத் தொறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்; அந்தக் குதிரைதாங்க அது" என்றாள். அவனைத்தான் சொன்னாள். குடித்துக்கொண்டிருந்த ரசத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் நடந்து காட்டவில்லை? நடந்தால் அவள் நாளை முதல் வரமாட்டாள். இல்லை, அதுவன்று காரணம். நடந்தால் அவள் வேடியப்பனுக்குத்தான் நன்றி சொல்வாள். என் காலில் விழுவாள். அப்போது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் கொட்டாய் முழுவதும் தெரியும். கொட்டாயிலிருந்து பேருந்துக்கு, பேருந்திலிருந்து அலுவலகத்துக்கு. பனைமரத்தோடு சண்டை போட்டுக்கொண்டு போய் விழுந்தவள் என்று பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு சிரிப்புக்கு அஞ்சித்தான் அம்மா, ஒருத்தியின் பாதத்தைச் சுடவிட்டிருக்கிறேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இருந்தால் சொல்லிவிடுவேன்.

இனி உங்களிடம் ஓர் உதவி. அவள் இன்று உங்களைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்கிறாள் அல்லவா, எப்போது நடப்பார்கள் என்று? இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். ஒரே வாரம். அதற்குள் நான் தக்க முறையில், தக்க சொற்களில்... ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வேண்டுமானால் நாளை முதல் அவளைப் பேருந்தில் வரச் சொல்கிறேன். பேருந்து என்றால் வெயில் இல்லையே.

நாடாவைச் சுருட்டுகிறீர்கள்.

பாத்திர ஓசை நின்றுவிட்டது.

வா, மாதம்மா. காப்பியை அவர்களுக்குக் கொடு. எனக்கு வேண்டாம். என்ன கேட்கிறாய்? எப்போது தடியில்லாமல் நடப்பேன் என்றா? அவர்களைக் கேட்காதே. அவர்கள் சொல்லமாட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எனக்காகச் சொல்லமாட்டார்கள்.

தள்ளி நில். கை கொடுக்க வேண்டாம். கொடுக்காதே என்கிறேன்.

இதோ, நடக்கிறேன். பார். கதவைத் திறந்துவிடுங்கள், அம்மா. இது வாசற்படி. தாண்டிவிட்டேன். திரும்பியும் வந்துவிட்டேன்.

அழாதே. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறாய்? அந்தச் சாமிக்கு இதில் பங்கில்லை, மாதம்மா. எழுந்திரு. என் காலைத் தொடாதே. எழுந்திரு, சொல்கிறேன்! பன்னிரண்டு நாளாக நடக்கிறேன். காதில் விழுந்ததா? பன்னிரண்டு நாள். இல்லை, நீ தேறுதல் சொல்லாதே. பயமாக இருந்ததா என்று என்னைக் கேட்காதே. மெதுவாக நடந்து பார்த்திருப்பீர்கள், அதிலென்ன என்கிறாயே, நீ என்ன பெண்!

அம்மா, பையை எடுத்துக்கொண்டு எங்கே எழுகிறீர்கள்? போகாதீர்கள். நீங்கள் போய்விட்டால் நான் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வேன். இவள் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவாள். கொட்டாயில் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். நானும் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். உட்காருங்கள். காப்பி ஆறட்டும்.

மாதம்மா, நீயும் உட்கார். தரையில் வேண்டாம். இந்த நாற்காலியில் உட்கார். உட்கார்ந்தால்தான் சொல்வேன். அன்றைக்கு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். கொள்ளு வழுக்கிவிட்டதா என்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கு இன்று பதில் சொல்கிறேன். உன் கொள்ளு வழுக்கவில்லை. நான் அதைத் தொடுவதற்கு முன்பே விழுந்துவிட்டேன். எப்படி விழுந்தேன் என்பதையும் சொல்கிறேன். அதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்.

வந்தால் சிரி. அடக்காதே. நாளைக் காலை நான் உன்னோடு கொட்டாய்க்கு நடந்து வருகிறேன். குழாயடியில் நின்று அவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். அங்கே இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். முதலில் நீ சிரித்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் பழகிவிடும்.